பின்னால் இடது பக்கம்

“பெட்டியா வாங்கட்டுமா டீச்சர், இல்ல டிஸ்க் மட்டும் போதுமா?”

வைத்தியலிங்கம் சார் இதைக் கேட்டபோது டீச்சர் ஒரு ஸ்பீக்கரின் கிழிந்த காகிதக் கூம்புக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எந்தப் பெட்டி சார்?”

“ஏழு மதகு.”

“ஓ.”

அவ்வளவுதான். மறுபடி பசை.

டீச்சர் என்றால் எப்சிபா டீச்சர். பாலிடெக்னிக்கில் பதினோரு வருஷம் பாடம் எடுத்தவர். ஒரு நாள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து திருச்சி தில்லைநகரில் ஸ்பீக்கர் ரிப்பேர் கடை போட்டார். ஏன் என்று கேட்டால், “அங்க யாரும் கேட்கல, இங்க கேட்கறாங்க” என்பார். வயது நாற்பத்திரண்டு.

வைத்தியலிங்கம் சாருக்கு அறுபத்தைந்து. மின்வாரியத்தில் நாலு ஊரை ஆண்டவர். இருந்தும் இங்கே அவர்தான் சிஷ்யர். சனிக்கிழமை தவறாமல் வந்து மர ஸ்டூலில் உட்கார்ந்து, பாட்டு கேட்பதைப் பற்றி ஏதாவது சந்தேகம் கேட்பார். டீச்சர் நேராகப் பதில் சொன்ன நாள் எனக்குத் தெரிந்து இல்லை.

நான் எதிர்க்கடை. பெயர் சிக்கந்தர். அந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது, எல்லோருக்கும் ஜெராக்ஸ் பாய். மெஷின் சூடேறினால் அணைத்துவிட்டு டீச்சர் கடை வாசலில் வந்து நிற்பேன். சிரிக்க ஏதாவது கிடைக்கும்.

அன்றைக்கும் அதற்குத்தான் வந்தேன்.

“ரெண்டு விதமா விடறாங்க டீச்சர்,” என்றார் சார். “ஒன்னு டீலக்ஸ் பெட்டி. அஞ்சு டிஸ்க். ஒத்திகை டேப் கூட இருக்கு. நூறு பக்கத்துக்குப் புஸ்தகம், போட்டோ, எல்லாம். இன்னொன்னு சரவுண்ட் டிஸ்க் மட்டும் தனியா. ஒல்லியா ஒரு கவர்.”

“அதுல என்ன இருக்கும்?”

“பாட்டு இருக்கும். அவ்வளவுதான்.”

“பாட்டு இருக்கும்.”

“ஆமா.”

“அவ்வளவுதான்.”

“ஆமா டீச்சர்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

ஏழு மதகு என்பது நாற்பது வருஷத்துக்கு முந்தின இசைத்தட்டு. நம் ஊரிலேயே பதிவு பண்ணினது. வயலின், தவில், புல்லாங்குழல், பின்னணிக்கு நாலு பெண் குரல். அந்தப் பழைய டேப்பை எடுத்து ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்து, முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு ஸ்பீக்கர் என்று பங்கு போட்டிருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்தால் சுற்றிலும் கேட்கும். அதற்குப் பெயர் சரவுண்ட். இதெல்லாம் அந்த வாசலில் நின்றே நான் படித்த படிப்பு.

“உங்ககிட்ட ஏற்கெனவே ஒன்னு இருக்கே சார்,” என்றார் டீச்சர். “பத்து வருஷம் முன்னாடி வந்த பெட்டி.”

“இருக்கு.”

“அதுலயும் இதே சரவுண்ட் டிஸ்க் இருக்குல்ல?”

“இருக்கு. அப்ப பெட்டியில மட்டும்தான் வந்தது. தனியா இப்பதான் விடறாங்க.”

“அப்ப இருக்கறதைப் போட்டுக் கேட்க வேண்டியதுதானே.”

“அது பிரிக்காதது டீச்சர்.”

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது.

“சிரிக்காத பாய். பிரிக்காத பீஸ் இன்னிக்கு இந்த ஜில்லாவுலயே கிடையாது. மேல சுத்தின கண்ணாடி பேப்பர் ஒரு சுருக்கம் இல்லாம அப்படியே இருக்கு. பிரிச்சா போச்சு.”

“அப்ப புதுசா வாங்கற பெட்டியைப் பிரிப்பீங்களா சார்?” டீச்சர் கேட்டார்.

சார் யோசித்தார். பொய் சொல்கிற ஆள் கிடையாது அவர்.

“ரெண்டு வாங்கினா ஒன்னைப் பிரிக்கலாம்,” என்றார்.

டீச்சர் பசையை மூடி வைத்தார். “பாய், மூணு டீ சொல்லுங்க.”

நானே போய் வாங்கி வந்தேன். டீச்சர் எனக்கு ஒன்று கொடுத்தார், தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். மூன்றாவது டம்ளரின் மேல் ஒரு பழைய டிஸ்க்கை மூடி போல வைத்து சார் முன்னால் தள்ளினார்.

“உங்களுது நல்ல டீ சார். வச்சிருங்க.”

வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஆற்றி ஆற்றிக் குடித்தோம். சாருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது, பேசினார். கரண்ட் போய் வந்தது. அரை மணி ஆயிற்று.

“குடிக்கலாமா டீச்சர்?”

“இப்ப எதுக்கு?”

மூடியை எடுத்துப் பார்த்தார். டீயின் மேல் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. சார் அதையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

டீச்சரின் வித்தையெல்லாம் இப்படித்தான். ஒரு டீ வீணானதுதான் மிச்சம்.

*

அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார்.

“பெட்டியா, டிஸ்க்கா? இன்னிக்கு நேரா சொல்லுங்க.”

“யார் கேட்கறதுக்கு சார்?”

“இது என்ன கேள்வி? நான்தான்.”

“அப்ப எதை வாங்கினாலும் ஒன்னுதான்.”

சார் முகம் சுண்டிப் போயிற்று. ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். படி இறங்கும்போது என்னிடம், “ஒரு நாளாவது மனுஷனுக்குப் புரியற மாதிரி பேசறாங்களா பாரு,” என்றார். பாவமாகத்தான் இருந்தது.

“சாரோட ஸ்பீக்கர் ரெடியாயிடுச்சே டீச்சர், கொடுத்தனுப்பியிருக்கலாமே,” என்றேன். பசை தடவின அந்த ஸ்பீக்கர் அவருடையதுதான். அவர் வீட்டில் பின்னால் இடது பக்கம் இருப்பது. எலி கடித்துவிட்டது.

“இன்னும் காயணும்,” என்றார் டீச்சர்.

நான் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

*

அதற்கடுத்த சனிக்கிழமை சார் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தார். காலை பதினொரு மணி வெயிலில் செருப்பை வாசலில் விடாமல் அப்படியே உள்ளே வந்து நின்றார். சவரம் பண்ணியிருக்கவில்லை. ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை.

“வசுமதி கேட்கறதுக்கு,” என்றார்.

டீச்சர் நிமிர்ந்தார்.

“அன்னிக்குக் கேட்டீங்களே, யார் கேட்கறதுக்குன்னு. வசுமதி கேட்கறதுக்கு டீச்சர்.”

வசுமதி அம்மா அவருடைய மனைவி. எனக்குத் தெரியும். ரேஷன் கார்டும் ஆதாரும் ஜெராக்ஸ் எடுக்க வருவார். நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நல்லா விழுந்திருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறவர்.

“உட்காருங்க சார்,” என்றார் டீச்சர்.

“அந்த நாலு குரல்ல ஒன்னு அவளுது.”

நான் வாசலிலிருந்து ஒரு படி உள்ளே வந்தேன்.

“காலேஜ் படிக்கும்போது ரெக்கார்டிங்குக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம். நாலாவது பாட்டு முடியற இடத்துல மத்த மூணு பேரும் நிறுத்திடுவாங்க. இவ மட்டும் ஒரு ஹம்மிங். எட்டு செகண்டு. பழைய தட்டுல அது வயலினுக்கு அடியில போயிடுச்சு. எத்தனை தடவை போட்டாலும் கேட்காது. சரவுண்ட்ல அதைப் பிரிச்சு எடுத்து, பின்னால இடது பக்கம் தனியா வச்சிருக்காங்க.”

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“பத்து வருஷமா.”

“யார் சொன்னா?”

“அவதான். பெட்டி வந்த அன்னிக்கு. ஏதோ பேப்பர்ல படிச்சிருக்கா. ‘பிரிங்க, ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்’னா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

சார் இப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“பொங்கலுக்குப் பார்க்கலாம்னேன்.”

டீச்சர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

“சும்மா வாயில வந்தது டீச்சர். அடுத்த வருஷமும் கேட்டா. பொங்கலுக்குப் பார்க்கலாம்னேன். நாலஞ்சு வருஷம் கேட்டிருப்பா. ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்லியிருக்கேன். அப்புறம் கேட்கறதை விட்டுட்டா. இந்தப் பொங்கல் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. எனக்கு அந்த நினைப்பே வரல.”

“இப்ப என்ன வந்தது?”

“அவளுக்கு இடது காது போயிடுச்சு.”

“எப்ப?”

“கார்த்திகையில. ஒரு நாள் காலையில எழுந்தா கேட்கலையாம். தனியாவே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருக்கா. காலம் கடந்து போச்சு, இது இனிமே வராதுன்னு சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வந்து எனக்கு இட்லி வச்சிருக்கா.”

“உங்ககிட்ட சொல்லலையா?”

“சொல்லல. நானும் கண்டுபிடிக்கல. போன வெள்ளிக்கிழமை பக்கத்துல நின்னு மூணு தடவை கூப்பிடறேன், திரும்பல. கோபம் வந்துடுச்சு. கூப்பிட்டா என்னன்னு கேட்க மாட்டியான்னு கத்தினேன். திரும்பிப் பார்த்து, ‘அந்தப் பக்கம் கேட்காதுங்க, நாலு மாசம் ஆச்சு’ன்னா. சாதாரணமா சொல்றா. கேஸ் தீர்ந்துபோச்சுங்கற மாதிரி.”

மேஜையில் கிடந்த ஒரு வயர்த் துண்டை எடுத்துப் பார்த்தார்.

“ஸ்பீக்கர் வயரை மாத்தினா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவேன் டீச்சர் நான். உங்களுக்குத் தெரியும். கண்டுபிடிச்சிருக்கேன். நாலு மாசம் அவ பக்கத்துலயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கேன்.”

எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. போகவும் மனசு வரவில்லை.

“வலது காதும் இறங்கிட்டு வருதாம். எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாதாம். அது போறதுக்குள்ள அவ குரலை அவ ஒரு தடவை கேட்டுடணும் டீச்சர். எதை வாங்கட்டும், சொல்லுங்க. பெட்டியா, டிஸ்க்கா?”

டீச்சர் சால்டரிங் கம்பியின் ஸ்விட்சை அணைத்தார்.

“வீட்டுல இருக்கறதைக் கொண்டு வாங்க.”

“பிரிக்கணுமா?”

இத்தனை சொன்ன பிறகும் அப்படித்தான் கேட்டார். பழக்கம். கேட்ட பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

“பிரிக்காம எப்படி சார் பிரிஞ்சு கேட்கும்?” என்றார் டீச்சர்.

*

ஒரு மணி நேரத்தில் கொண்டு வந்தார். போர்வை சுற்றி, மடியில் வைத்து, ஆட்டோவில்.

டீச்சர் ஒரு பிளேடை அவர் பக்கம் வைத்தார். தான் தொடவில்லை. சார் பெட்டியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினார். கண்ணாடி பேப்பரில் நிஜமாகவே ஒரு சுருக்கம் இல்லை. பிளேடை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்து ஓரத்தில் ஒரு இழு இழுத்தார். பேப்பர் சரசரவென்று விட்டுக்கொடுத்தது. இதற்கா பத்து வருஷம் என்று எனக்குத் தோன்றியது.

மூடியைத் திறந்ததும் ஒரு புளிச்ச வாடை வந்தது.

மேலே புத்தகம் இருந்தது. சார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முப்பதாம் பக்கமோ என்னவோ, நிறுத்திவிட்டார். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மைக்கைச் சுற்றி நாலு பெண்கள். இடது ஓரத்தில் ஒல்லியாக ஒரு பெண், ரெட்டை ஜடை, தலையைவிடப் பெரிய ஹெட்போன். வாய் பாதி திறந்திருக்கிறது. கீழே பெயர்கள். கடைசிப் பெயர் கு. வசுமதி.

“இந்தப் படம் நான் பார்த்ததில்ல,” என்றார். “அவகிட்டயே கிடையாது. அந்தக் காலத்துப் படம் ஒன்னுகூட இல்லன்னு சொல்லுவா.”

“இதைப் பார்க்க எந்த மெஷினும் வேண்டாமே சார்,” என்றார் டீச்சர்.

டீச்சர் கடுமையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் சார் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டிஸ்க்குகள் அதற்கு அடியில் இருந்தன. ஒவ்வொன்றும் ஆடாமல் இருக்க மெத்தென்று ஒரு ஸ்பாஞ்ச் வைத்து அடுக்கியிருந்தார்கள். அந்த ஸ்பாஞ்ச் உருகிவிட்டிருந்தது. வாடை அதிலிருந்துதான். சரவுண்ட் டிஸ்க்கை எடுக்கப் போனால் பிசின் போல இழுத்துக்கொண்டு வந்தது. பளபளவென்று இருக்க வேண்டிய பக்கத்தில் திட்டுத் திட்டாகக் கறுப்பு.

டீச்சர் அதை வாங்கி ஏதோ மருந்து விட்டு, மெல்லிய துணியால் துடைத்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு. கறுப்பு கொஞ்சம் போயிற்று. அதற்கடியில் டிஸ்க்கே புகை படிந்த மாதிரி மங்கியிருந்தது. பிளேயரில் போட்டார். அது உள்ளே இழுத்துக்கொண்டது, கிறுகிறுவென்று யோசித்தது, வெளியே தள்ளியது.

மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் தள்ளியது.

“போன வருஷம் பிரிச்சிருந்தா?” சார் கேட்டார்.

“தெரியல சார்.”

“அஞ்சு வருஷம் முன்னாடி?”

டீச்சர் துணியை மடித்து வைத்தார்.

“பத்திரமாத்தான் டீச்சர் வச்சிருந்தேன்,” என்றார் சார். “வெயில் படாம, ஈரம் படாம. நான் பத்திரமாத்தான் வச்சிருந்தேன்.”

நான் போய் டீ வாங்கி வந்தேன். கொடுத்த கையோடு மளமளவென்று குடித்துவிட்டார். வாய் சுட்டிருக்கும்.

பிறகு போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு எதையோ தேடினார். அழுத்தினார்.

“டிஸ்க் மட்டும் ஆர்டர் போட்டுட்டேன்,” என்றார்.

டீச்சர் தலையாட்டினார்.

போகும்போது புத்தகத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். பெட்டி கடையிலேயே கிடந்தது.

*

ஆறாம் நாள் வந்தது.

கூரியர்க்காரரை வீட்டுக்குப் போக விடாமல் சார் என் கடை வாசலிலேயே மறித்து வாங்கிவிட்டார். கவரைக் கிழிக்கக் கத்தரி தேடிக்கொண்டிருந்தேன், அதற்குள் பல்லால் கடித்துக் கிழித்துவிட்டார். நடுத்தெருவில், பங்குனி வெயிலில். ஒல்லியான பிளாஸ்டிக் கவர். அதன் மேலிருந்த கண்ணாடி பேப்பரையும் உரித்துத் தூக்கிப் போட்டார். அது என் கடைக்குள் பறந்து வந்து விழுந்தது.

“டீச்சர், இப்பவே போகலாமா?”

டீச்சர் கடையைப் பூட்டினார். ஸ்பீக்கரை நான் தூக்கிக்கொண்டேன்.

வீடு ரெண்டு தெரு தள்ளி. பாட்டு கேட்கிற அறை தனியாக இருந்தது. எதிர்ச்சுவரில் மூன்று ஸ்பீக்கர். பின்சுவரில் தரையிலிருந்து கூரை வரை அலமாரி, அதில் வரிசையாகப் பெட்டிகள். எல்லாம் கண்ணாடி பேப்பரோடு மினுமினுத்தன. நடு வரிசையில் ஒன்று மட்டும் எடுத்த இடம் காலியாக இருந்தது.

அறையின் நடுவில் ஒரு நாற்காலி. ஒன்றே ஒன்று. அதன் நாலு காலும் இருக்க வேண்டிய இடத்தில் தரையில் பச்சை டேப் ஒட்டியிருந்தது. அரை அங்குலம் நகர்ந்தாலும் சத்தம் கெட்டுப்போகுமாம். சார் அளந்து ஒட்டினது.

டீச்சர் ஸ்பீக்கரைப் பின்னால் இடது பக்கம் பொருத்தினார். நான் வயரைப் பிடித்துக்கொண்டேன்.

வசுமதி அம்மா கதவருகே நின்றார். உள்ளே வரவில்லை.

“வாங்கம்மா, உட்காருங்க,” என்றார் டீச்சர்.

“நானா? அது அவர் சீட்டு.”

“உட்காரு வசு,” என்றார் சார்.

“தினம் துடைக்கறேன்,” என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். “உட்கார்ந்ததில்ல.”

ஓரத்தில் உட்கார்ந்தார், பஸ்ஸில் இடம் கொடுத்தவரிடம் கூச்சப்படுகிற மாதிரி. டீச்சர் சொன்ன பிறகு சாய்ந்தார்.

சார் டிஸ்க்கைப் போட்டார். நாலாவது பாட்டு. முதலில் தவில் மட்டும், அப்புறம் எதிரிலிருந்து வயலின், வலது பக்கத்திலிருந்து புல்லாங்குழல். எனக்கு இசை ஞானம் கிடையாது. ஆனால் தண்ணீர் திறந்துவிட்டது போல நாலு பக்கமும் வந்து நிறைந்தது. வசுமதி அம்மாவின் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது. பின்னாலிருந்து பெண்கள் குரல் எழுந்தது. ஏறியது. ஒவ்வொன்றாக நின்றது. வயலினும் இறங்கியது.

அப்புறம் அந்தக் குரல்.

எனக்குப் பின்னால், இடது பக்கத்தில். மெலிசாக, தனியாக. திரும்பிப் பார்த்துவிட்டேன், ஸ்பீக்கர்தான் இருந்தது. யாரோ ஒரு சின்னப் பெண் தலை துவட்டிக்கொண்டே வாய்க்குள் பாடுவது போல. எட்டு செகண்டு. முடிந்தது.

சார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் ஈரம்.

“கேட்டியா வசு?”

“நல்லா இருந்ததுங்க. வயலின் எவ்வளவு தெளிவா கேட்குது.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் யாரோ அடுத்த வீட்டுல முனகற மாதிரி இருந்தது.” அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். “அதுவா?”

டீச்சர் தலையாட்டினார்.

“உங்களுக்கெல்லாம் கேட்டுதா?” என்றார் அம்மா.

“கேட்டுது,” என்றார் சார். சொல்லும்போதே உடைந்துவிட்டார். “எங்களுக்குக் கேட்டுது வசு.”

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டப் போனார். டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கொஞ்சம் எழுந்திரிங்கம்மா.”

அம்மா எழுந்தார். டீச்சர் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, அரை வட்டம் திருப்பி, முதுகு எதிர்ச்சுவரைப் பார்க்கும்படி வைத்தார். ஒரு கால் பச்சை டேப்பைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

“டீச்சர், டேப்...” என்று ஆரம்பித்த சார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“இப்ப உட்காருங்கம்மா.”

உட்கார்ந்தார். இப்போது அந்த ஸ்பீக்கர் அவருடைய வலது கைப் பக்கம், முன்னால். எதிரே அலமாரி, அத்தனை பெட்டிகள்.

டீச்சரே பாட்டைப் போட்டார். தவில், வயலின், புல்லாங்குழல் எல்லாம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போயின. விரல் தாளம் போட்டது. நாலு குரல் எழுந்தது. மூன்று நின்றது.

அம்மாவின் விரலும் நின்றது.

எட்டு செகண்டு. மூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. பாட்டு முடிந்த பிறகும் அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

“சுருதி ஒரு இழை கீழ இருக்கு,” என்றார். “அன்னிக்கு யாரும் சொல்லல.”

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சார் சிரிக்கவில்லை. நாற்காலி அருகில் வந்து, குனிந்து ஏதோ கேட்டார். அம்மா திரும்பவில்லை. அவர் நின்றிருந்தது இடது பக்கம்.

சாருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்தார். அந்தக் காதருகே முகத்தைக் கொண்டு போனார்.

“இன்னொரு தடவை போடட்டுமா வசு?”

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த அலமாரியை, அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்.

“பொங்கலுக்குப் பார்க்கலாம்,” என்றார்.